ஒரு நொடியும் நீங்கவில்லை என்று எழுதினேன்

1

சங்கத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கெட்ட செய்தி எதுவும் இல்லை. அதுதான் என் சங்கடம்.

மூன்று வருஷம் முடியப்போகிறது, சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும் என்று முதல் பத்தி. அது தெரிந்ததுதான். இரண்டாவது பத்தியில்தான் இடறி விழுந்தேன். பயிற்சிக் காலத்தில் நான் எழுதிக் கொடுத்த மூன்று பிரசவக் குறிப்புகளில் ஒன்று அவர்களுக்கு மிகவும் பிடித்துப் போயிற்றாம். இந்தியாவில், விருத்தாசலம் என்ற ஊரில் நடந்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்கான கையேட்டில் அதைப் போடப் போகிறார்களாம். அந்தத் தாயின் சம்மதக் கையெழுத்து மட்டும் வேண்டும். கூடவே என் பழைய படிவத்தின் நகல், அதில் ஒரு வரியைச் சுற்றி யாரோ பச்சை மையில் வட்டம் போட்டிருந்தார்கள்.

'ஒரு நொடியும் அவர் என் பக்கத்தை விட்டு நீங்கவில்லை.'

என் தம்பி மனைவி கயல் சொன்னதாக நான் ஆங்கிலத்தில் எழுதிய வரி. கயல் அப்படிச் சொல்லவில்லை. அப்படி நடக்கவும் இல்லை.

என் மகள் தாரிணிக்கு மூன்றரை வயது. பச்சை வட்டத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, உனக்கு ஸ்டாரா?" என்று கேட்டாள். அவள் மழலையர் பள்ளியில் நன்றாக எழுதினால் வட்டம் போட்டு நட்சத்திரம் ஒட்டுவார்கள். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்று சொன்னால் ஏன் என்பாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் கடிதத்தைக் காந்தத்தால் ஒட்டினேன். ஒன்பது நாள் அது அங்கேயே இருந்தது. பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் என் கூடவே அசைந்தது.

2

இங்கே, பிராம்டனில், நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை ஊரில் யாருக்கும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. டூலா என்று பெயர்; கடிதம் அனுப்பியது டூலாக்களின் சங்கம். பிரசவ வலி தொடங்கியதிலிருந்து பிள்ளை பிறந்து முதல் பால் குடிக்கும் வரைக்கும் அந்தப் பெண்ணின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். முதுகை நீவ வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், பயந்தால் பேச வேண்டும். மருத்துவம் எதையும் தொடக்கூடாது.

என் அம்மா பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் இதை விளக்கியதை ஒருமுறை தொலைபேசியிலேயே கேட்டேன்.

"எம் பொண்ணு அங்க பிரசவம் பாக்குது."

"டாக்டருக்கா படிச்சிருக்குது?"

"இல்ல இல்ல."

"அப்ப நர்ஸா?"

"அதும் இல்ல. கைய புடிச்சிக்கிட்டு நிக்கும்."

"கைய புடிக்கவா ஏரோப்ளேன் ஏறிப் போச்சு?"

அம்மா என்னிடம் திரும்பி, "சாப்புட்டியா?" என்றாள்.

நாற்பது வயதில் தாரிணியைச் சுமந்துகொண்டு தனியாக வலியில் கிடந்தபோது, முன்பின் தெரியாத ஒரு டூலா பன்னிரண்டு மணி நேரம் என் கையைப் பிடித்திருந்தாள். அந்தக் கைக்காகத்தான் நானும் இந்த வேலைக்கு வந்தேன். வந்த பிறகுதான் அதன் இன்னொரு பக்கம் தெரிந்தது. ஒரு குழந்தை முதல் பாலைச் சப்புவதற்கு நான் காவல் நிற்பேன். என் குழந்தை அந்நேரம் வீட்டில் பாட்டிலைச் சப்பிக்கொண்டிருப்பாள்.

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பம்ப் வைத்துப் பாலை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் கட்டிக்கொள்ளும், காய்ச்சல் வரும், மெல்லச் சுரப்பும் நிற்கும். அலுவலகப் பை மாதிரி கறுப்புப் பை, உள்ளே மோட்டார், இரண்டு புனல், ஐஸ் கட்டி வைத்த சின்னப் பெட்டி. ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு அடுக்கும் அறையில் கதவுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்து எடுப்பேன். வெளியே வந்து, "தாய்ப்பால் போல எதுவும் இல்லை, பாட்டிலை அண்ட விடாதீர்கள்" என்று அடுத்த தாயிடம் சொல்வேன். அப்படியே இரண்டு பிரசவம் முடித்தேன். அதற்குள் தாரிணி என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாட்டிலைத் தேட ஆரம்பித்திருந்தாள். அவள் என்னைவிட்டு விலகிய முதல் விலகல் அது. இப்போது தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாளே, அதற்கு நான் அழுததில்லை. அன்றைக்கு அழுதேன்.

சான்றிதழுக்கு மூன்றாவதாக ஒரு பிரசவம் பாக்கி. ஊரில் கயலுக்கு அப்போது ஏழு மாதம். "நானே வந்து கூட இருக்கேன்" என்று தம்பியிடம் சொன்னேன். பாசம்தான். ஆனால் பாசத்தோடு படிவத்தையும் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

3

கயலின் அம்மா அஞ்சலை செராமிக் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கப்பு வேலை பார்க்கிறவர். முறைக்கு எனக்கு அத்தை. வயதில் என்னைவிட ஆறு வருஷம்தான் மூத்தவர். நான் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தும் அந்த வேலையைப் பார்த்ததில்லை. அந்தப் பயணத்தில்தான் அவர் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனார். கரைத்த களிமண் பால் போலவே இருக்கிறது. அதை அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச உட்சுவரில் களிமண் படிகிறது, மீதியைக் கவிழ்த்துவிடுகிறார்கள். அச்சைப் பிரித்தால் ஈரக் கப்பு. அதன் பொருத்துக்கோட்டில் நிற்கும் பிசிறை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து எடுப்பது அத்தையின் வேலை.

"ஏன் இப்படிப் பட்டும் படாம தொடுறீங்க?"

"பச்சக் கப்புங்க. அழுத்துனா வாய் கோணிக்கும். இப்பத் தெரியாது. சூளையில வெந்து வரும்போதுதான் கோணிக்கிட்டு வரும், எல்லாரும் பாக்குற மாதிரி."

ஊரில் எனக்கு வேலை இல்லை. முதல் வாரம் தாரிணி முரண்டு பிடித்தாள். பிறகு பாட்டிலை மறந்து என்னிடமே குடித்தாள். அந்த நான்கு வாரம் போல் எனக்குப் பால் எப்போதும் ஊறியதில்லை. நடந்தால் நனைந்தது. பம்ப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

4

கயலுக்கு விடியற்காலை வலி எடுத்தது. தாரிணிக்குப் பால் கொடுத்து அம்மாவிடம் விட்டுவிட்டு, ஏழு மணிக்கெல்லாம் நர்சிங் ஹோமில் இருந்தோம். பெயர் வேண்டாம், அவர்கள் மீது குற்றம் எதுவும் இல்லை.

"லேடீஸ் ஒருத்தர்தான் உள்ள" என்றார் நர்ஸ்.

அத்தை அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலை வாசலுக்குள் வைத்திருந்தார். நான் சங்கம் தந்த பயிற்சி அட்டையை எடுத்துக் காட்டினேன். கண்ணாடி போலப் பளபளக்கும் உறையில் என் படமும் சங்கத்தின் முத்திரையும். நர்ஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதான் உங்க வேலைங்களா?"

"ஆமாம்."

அத்தை என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "அவங்க படிச்சவங்க. அவங்களே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்த காலை எடுத்து, செருப்பை மாட்டிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அந்தச் செருப்பு மாட்டிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அன்றைக்குக் கேட்கவில்லை.

உள்ளே கயல், இருபத்திரண்டு வயது, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். பயிற்சியில் சொல்லித் தந்ததை எல்லாம் தமிழாக்கி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

"உன் உடல் அறியும், கயல். உன் மூச்சின் அலையில் நீ மிதந்து செல்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "அண்ணி, தமிழ்ல சொல்லுங்க" என்றாள்.

மதியம் வரை நன்றாகவே இருந்தேன். முதுகை நீவினேன், நடக்க வைத்தேன். ஒரு மணிக்கு மேல் என் மார்பு கல்லாகிவிட்டது. கையைத் தூக்க முடியவில்லை. ஆட்டோவில் தாரிணியைக் கொண்டு வரச் சொன்னால் பத்து நிமிஷத்தில் வந்திருப்பாள். சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கிருமி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. அட்டை காட்டி உள்ளே வந்தவள் இடுப்பில் பிள்ளையோடு நிற்பதா?

பம்ப்பின் பேட்டரி செத்திருந்தது. மூலையில் இருந்த பிளக்கில் சொருகினேன். விமான நிலையத்தில் வாங்கிய அடாப்டர் பொருந்தியது. பொருந்தினால் ஓடும் என்று நினைத்துவிட்டேன். அங்கே நூற்று இருபது வோல்ட், இங்கே இருநூற்று முப்பது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம். டப் என்றது. கருகிய நாற்றம். கயலின் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த ஃபேன் நின்றது.

"யாரும்மா அது, லேபர் வார்டுல அயர்ன் பாக்ஸ் சொருவுனது?" என்று வெளியிலிருந்து நர்ஸ் கத்தினார். வந்து பார்த்தார். என் நனைந்த முன்பக்கத்தையும் கையிலிருந்த புனலையும் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "இன்னும் ரெண்டு மணி நேரம் ஆவும். பாத்ரூமுக்குப் போயி பீச்சி வுட்டுட்டு வாங்க."

"ரெண்டே நிமிஷம், கயல்."

அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். நோகாமல், மெதுவாக, பயிற்சியில் சொல்லித் தந்த அதே மென்மையோடு.

5

நடையின் கோடியில் கழிவறை. லேபர் வார்டுக்கும் அதற்கும் நடுவே ஒரே சுவர், உச்சியில் கண்ணாடிச் சட்டம் போட்ட வெண்டிலேட்டர். நின்றுகொண்டு கையால் பீய்ச்சிப் பார்த்தேன். சொட்டுக்கூட வரவில்லை. எனக்குக் கையால் எடுக்கத் தெரியாது என்பதே அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பிரசவம் பார்த்த, தாய்ப்பால் பற்றி வகுப்பெடுக்கிற நான், மெஷின் இல்லாமல் அழுதுகொண்டு நின்றேன்.

கதவு தட்டினார்கள். அத்தை. நான் ஓடியதைப் பெஞ்சிலிருந்து பார்த்திருக்கிறார். கையில் ஃப்ளாஸ்க், அவர் டீ குடிக்கக் கொண்டுவந்திருந்த காது உடைந்த கப்பு. சூளையில் கழித்துப் போட்டது.

"காட்டுங்க."

"வேணாம் அத்தை, நீங்க..."

"ஐய, என்ன வெக்கம்? ரெண்டு பெத்தவ நானு."

துண்டை ஃப்ளாஸ்க் வெந்நீரில் நனைத்து ஒத்தடம் கொடுத்தார். பிறகு அக்குளிலிருந்து கீழாக, விரல் நுனியால், பட்டும் படாமல். ஈரக் கப்பின் பிசிறைத் துடைக்கும் அதே கை. பேசிக்கொண்டே செய்தார். "வுடும்மா, வுடு. ஒடம்ப இறுக்காத. அவ்ளோதான். வருது பாரு. இன்னுங் கொஞ்சம். வுடு கண்ணு." என்னை எப்போதும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். அன்றைக்கு எப்போது மாறினார் என்று தெரியவில்லை. கப்பில் முதல் பீய்ச்சல் சத்தத்தோடு விழுந்தது.

வெண்டிலேட்டர் வழியாகக் கயல் முனகுவது கேட்டது. பிறகு, "அம்மா!" என்றாள்.

அத்தையின் கை நின்றது.

இனி எழுதப்போவதற்காகத்தான் இந்தக் குறிப்பையே எழுதுகிறேன்.

நான் சொன்னேன்: "வலியில எல்லாரும் அம்மான்னுதான் கத்துவாங்க அத்தை. முதல் பிரசவம், இன்னும் நேரமாகும். எனக்குத் தெரியும்."

ஒரு பக்கம்தான் இளகியிருந்தது. இன்னொரு பக்கம் இன்னும் கல். அதனால் சொன்னேன். அவர் என் படிப்பை நம்பினார். அவர் கை மறுபடியும் அசைந்தது. "வுடு கண்ணு, வுடு. இன்னுங் கொஞ்சம்."

எவ்வளவு நேரம் என்று தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் திடீரென்று ஒரு குழந்தை அழுதது.

இருவரும் அப்படியே நின்றோம். அந்த அழுகையைக் கேட்டதும், அதுவரை இறங்காத மறுபக்கப் பால் தானாகப் பீறிட்டு அத்தையின் புடவை மேல் தெறித்தது. என் உடம்புக்கு வெட்கமே இல்லை.

கப்பு விளிம்பு வரை நிறைந்திருந்தது. நான் அதை வாங்கி வாஷ்பேசினில் கவிழ்க்கப் போனேன். அத்தை கையை மறித்தார். "சாக்கடையில ஊத்தக்கூடாது, பால் வத்திப்பூடும். கால் படாத எடத்துல, எதுனா செடி மூட்டுல ஊத்திட்டு வரேன். நீங்க ஓடுங்க, உங்களத்தான உள்ள வுடுவாங்க."

நான் ஓடினேன். பேத்தி பிறந்த நிமிஷத்தில், அத்தை என் பாலைக் கையில் ஏந்திக்கொண்டு, தளும்பாமல், காம்பவுண்டில் செடி தேடிப் போனார்.

உள்ளே நர்ஸ், "எங்க போனீங்க? கூட வந்தவங்க யாருன்னு நாலு வாட்டி கத்துறேன், ஒருத்தரும் காணும். கைய புடிக்கிறதுதான் வேலைன்னீங்க" என்று சொல்லியபடியே குழந்தையைத் துணியில் சுற்றி என் கையில் வைத்தார். முதலில் வாங்கியது நான். கயல் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்து, "அம்மா எங்க?" என்றாள்.

அன்று மாலை நானும் இருக்கும்போதே அத்தை மகளிடம் சொன்னார்: "நாந்தான் அண்ணியக் கூப்புட்டேன். எனக்குத் தலைய சுத்திக்கிச்சு, அதான் அவங்க வெளிய வந்தாங்க." இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். தொட்டில் கட்டும் கயிற்றின் முடிச்சைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

6

புறப்படுவதற்கு முந்தின நாள் படிவத்தை விரித்தேன். பிறப்பின்போது உடனிருந்தீர்களா? ஆம். இடையில் விலகியிருந்தால் எவ்வளவு நேரம்? கோடு இழுத்தேன். தாயின் கருத்து என்று ஒரு கட்டம்.

"என்ன எழுதணும் அண்ணி?"

"உனக்குத் தோணுறத எழுது."

கயல் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு தமிழில் எழுதினாள்: 'அண்ணி வந்திருந்தாங்க. முதுகு நீவி விட்டாங்க.' கையெழுத்துப் போட்டாள்.

அதற்குக் கீழே ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பு எழுத வேண்டும். நான் எழுதியது என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

7

நேற்று அழைப்பு அட்டையின் எண்களைச் சுரண்டி ஊருக்குப் பேசினேன். உங்களுக்கு இருபது நிமிடங்கள் உள்ளன என்றது ஒரு குரல். கயலுக்கு இப்போது இரண்டாவது, ஐந்து மாதம். கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். நான் எழுதிய வரியைத் தமிழில் சொன்னேன். அத்தைக்குத் தலை சுற்றவில்லை என்று சொன்னேன். கழிவறை, கப்பு, 'எனக்குத் தெரியும்' என்று நான் சொன்னது, எல்லாம். 

"தெரியும் அண்ணி" என்றாள்.

"அத்தை சொன்னாங்களா?"

"அவங்க எங்க சொல்லுவாங்க? எனக்குத்தான் கேட்டுச்சே. மேல அந்தக் கண்ணாடி வழியா. நீங்க எனக்குத் தெரியும்னு சொன்னதும் கேட்டுச்சு."

சுரண்டிய அட்டையின் துகளை மேசையிலிருந்து துடைத்தேன்.

"அப்பக் கோவம்தான். உங்க மேல கூட இல்ல, எங்கம்மா மேல. பெத்த பொண்ணு இங்க கத்துறன், இந்தம்மா அங்க யாருக்கோ கண்ணு, கண்ணுன்னுதேன்னு. அப்பறம் வலி வந்தப்ப அந்தக் குரல் மட்டுந்தான் இருந்துச்சு. வுடு, வுடு, இன்னுங் கொஞ்சம்னு. எனக்குச் சொல்லலன்னு தெரியும். உங்களுக்குச் சொன்னத நான் எடுத்துக்கிட்டேன் அண்ணி. அதுலதான் புள்ள வந்துச்சு."

உங்களுக்கு இரண்டு நிமிடங்கள் உள்ளன என்று குரல் குறுக்கிட்டது.

"கயல், என்ன மன்னிச்..."

"அதெல்லாம் வேணாம். வெரல ஒவ்வொண்ணா எடுத்தீங்க பாருங்க, அதுதான் எனக்கு இன்னும் மறக்கல. பிரசவத்துக்கு வருவீங்க இல்ல?"

"வரட்டுமா?"

"வாங்க. அட்டைய மட்டும் எடுத்தாராதீங்க. அம்மா உள்ள இருக்கட்டும். நீங்க வெளிய பெஞ்சுல ஒக்காருங்க."

சரி என்றேன். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. நான் சொன்னது அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

இன்று காலை கடிதத்தைக் காந்தத்திலிருந்து எடுத்துச் சங்கத்துக்குப் பதில் எழுதினேன். அந்தத் தாயிடம் சம்மதம் கேட்கவில்லை. அந்த வரி அவருடையது இல்லை, என்னுடையது. பிறப்பின்போது நான் உடனிருக்கவில்லை. சான்றிதழைப் பற்றி நீங்கள் எடுக்கும் முடிவுக்குக் கட்டுப்படுகிறேன். உடனிருந்தவர் பெயர் அஞ்சலை. சுவருக்கு அந்தப் பக்கம்.

தபாலில் போட்டுவிட்டு வந்தேன். தாரிணி குளிர்சாதனப் பெட்டியின் வெறும் கதவைப் பார்த்துவிட்டு, ஸ்டார் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அது நம்முடையது இல்லை, கொடுத்துவிட்டேன் என்று தமிழில் சொன்னேன்.